மூன்றாம் பெட்டியும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

சுகன்யா சுங்கத்தில் என்னோடு கடைசி இரண்டு வருடங்கள் வேலை செய்தவர். இப்போது நான் இருந்த கதிரையில் இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். சுங்கத்துக்கும் வர்த்தகர்களுக்கும் இடையில் தொடர்பாடலை மேம்படுத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததாம். அதன்படி ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கி, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஏற்றுமதி இறக்குமதி செய்கிற எல்லாரையும் அதில் சேர்த்திருக்கிறார். என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று முதல் செய்தியும் போட்டிருக்கிறார்.

"மூண்டு கிழமை ஆச்சு சேர். ஒரு கேள்வி வரேல்லை. காலமை எழும்பினா இருபது பேர் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லுகினம். வெள்ளிக்கிழமையெண்டா அம்மன் படம். கேள்வி கேளுங்கோ எண்டு நான் திரும்பவும் போட, எல்லாரும் கும்பிடுற கையைப் போட்டினம்."

"கேக்கச் சொன்னது ஆர்? சுங்கம். அப்ப கும்பிடத்தானே வேணும்," என்றேன்.

"பகிடி விடாதேங்கோ சேர். உங்கட காலத்தில சனம் என்னெண்டு கேட்டது?"

எங்கள் காலத்தில் சனம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் சுங்கத்துக்கு வந்தது பத்திரிகையிலிருந்து. யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் நான்கு வருடம் எழுத்துப்பிழை பார்க்கும் ஒப்புநோக்காளர். பிறகு இரண்டு வருடம் செய்திகளைச் சுருக்கித் தலைப்பிடும் மேசை. ஒரு பக்கச் செய்தியை நாலு சொல்லுக்குள் அடக்குவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பிறகு போட்டிப் பரீட்சை, கொழும்பில் பயிற்சி. பெட்டியைத் தட்டிப் பார்ப்பது, முத்திரையை இழுத்துப் பார்ப்பது, வியர்க்கிறவரை இரண்டாம் தரம் பார்ப்பது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். கடைசியாகச் சொன்னது தீவுப்பகுதியில் உதவவில்லை. அங்கே எல்லாரும் வியர்ப்பார்கள். பல ஊர் மாறி, போர் முடிந்து சில வருடங்களில் தீவுப்பகுதிக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் காரியாலயம் எந்த இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்தது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இப்போது அங்கே இருக்கிறவர்கள் கோபிப்பார்கள். இரண்டு அறை, ஒரு களஞ்சியம், கடிதங்கள் கட்டிய கோவைகள் அடைத்த இரும்பு அலுமாரி ஒன்று, கடற்காற்றில் துருப்பிடித்த அதன் பூட்டு. பொருள் தொடர்பாக ஏதும் தெரிய வேண்டுமானால் அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. அதில் "மேற்படி" என்ற சொல் ஏழு தரம் வரும். வெற்றிடங்களை நிரப்பி, முத்திரை குத்தி, தபாலில் அனுப்புவோம். மூன்று கிழமையில் பதில் வரும். அந்தப் பதிலில் நாங்கள் கேட்ட விசயம் இருக்காது. நினைவூட்டல் அனுப்புவோம்.

கடிதம் போகிற வீடு பெரும்பாலும் ஒன்றிரண்டு மைல் தூரத்தில் இருக்கும். அந்த வர்த்தகர்களில் பாதிப் பேரைக் காலையில் பாண் வாங்கும் கடையில் காண்பேன். அவர்களும் என்னைக் காண்பார்கள். மழை பற்றிக் கதைப்போம். கடிதத்தைப் பற்றி இரு பக்கமும் வாய் திறப்பதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அந்த நிலைமையில்தான் குலசிங்கம் அத்தியட்சகராக வந்தார். வடமராட்சிக்காரர். மெலிந்த மனிதர். கோபம் வந்தால் குரல் தணியும். மிகவும் தணிந்தால் நாங்கள் எழுந்து நிற்போம். கையெழுத்துக்குக் கடிதம் கொண்டுபோனால் இருந்தபடி வாசிக்க மாட்டார். எழும்பி, யன்னலடிக்குப் போய், முழுவதையும் வாசிப்பார். பிறகு தாளை மேசையில் குப்புற வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொள்வார்.

"இப்ப இதில என்ன கிடக்கு எண்டு உம்மட மச்சானுக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லும்."

முதல் நாள் நான் சொன்னேன்: "மேற்படி பொருள் தொடர்பில்..."

"உம்மட மச்சானோட இப்பிடியோ கதைக்கிறனீர்?"

"இல்லை சேர்."

"நல்லகாலம். திருப்பி எழுதிக்கொண்டு வாரும்."

வந்து ஒரு மாதத்தில் நயினாதீவு மணி விசயம் அவர் கண்ணில் பட்டது. அங்கே ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து மணி வந்திருந்தது. பித்தளையா வெண்கலமா என்று தெரிந்தால்தான் தீர்வை சரியாகப் போட முடியும். மணியைப் பிணையில் விட்டிருந்தோம். அது கோயிலில் தொங்கி, தினமும் அடிபட்டுக்கொண்டிருந்தது. கோவை மட்டும் மூடப்படவில்லை. நாங்கள் மூன்று கடிதம் போட்டிருந்தோம். ஐயரும் மூன்று பதில் போட்டிருந்தார். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். மணி என்ன உலோகம் என்பது மட்டும் அதில் இல்லை.

"குறிகாட்டுவான் துறையில நயினாதீவு போட் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் குலசிங்கம்.

ஐயர் எங்களைக் கண்டதும் கொஞ்சம் பதறித்தான் போனார். வெள்ளைச் சீருடையில் இரண்டு பேர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் யாரும் பதறுவார்கள்.

"ஐயா, மணி என்ன? பித்தளையோ, வெண்கலமோ?"

"வெண்கலம். கும்பகோணத்தில வார்த்தது. பற்றுச்சீட்டு உள்ளுக்க கிடக்கு, எடுக்கட்டோ?"

"பிறகேன் ஐயா கடிதத்தில எழுதேல்லை?"

ஐயர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கள் கேட்டது அதுவோ? நான், பிள்ளையாற்ற மணிக்கு அரசாங்கத்துக்கு ஏன் இவ்வளவு கோவம் எண்டெல்லோ யோசிச்சனான். ஒருக்கா வந்து தட்டிப் பாத்திருந்தா மணியே சொல்லியிருக்கும்."

சொல்லிவிட்டு ஒருமுறை அடித்தும் காட்டினார். திரும்பும் படகிலேயே குலசிங்கம் கோவையில் இரண்டு வரி எழுதி மூடினார். நான் அந்த மூன்று கடிதங்களையும் எழுதியவன். ஆகவே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவற்றில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்பதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன்.

மணி விசயத்தில் யாருக்கும் நட்டமில்லை. அடுத்தது அப்படியல்ல.

வேலணைத் தீவில், சரவணையில், பரமேஸ்வரி என்று ஒருவர் நண்டு பதப்படுத்தும் கொட்டில் ஒன்று நடத்தினார். அனலைதீவு, புங்குடுதீவுப் பக்கமிருந்து வரும் நண்டை அவித்து, சதையைப் பிரித்து, பொதி செய்து கொழும்புக்கு அனுப்புகிற வேலை. பதினெட்டுப் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். ஐஸ் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வரும். பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்கு வருவதற்குள் அதில் ஒரு பங்கு தண்ணீராகி வீதியில் போய்விடும். கொழும்பு நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. கொட்டிலிலேயே ஐஸ் இயந்திரம் ஓட வேண்டும். குறித்த நாளில் தங்கள் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ஓடவில்லை என்றால் ஒப்பந்தம் மன்னாரில் வேறொருவருக்கு. பரமேஸ்வரி நகையை வைத்து, தூத்துக்குடியில் ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார். அந்த நிறுவனத்தின் கடிதப் பிரதியையும் இறக்குமதிப் பத்திரங்களோடு இணைத்திருந்தார். நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு ஒழுங்காகத் துளை போட்டுக் கோவையில் கட்டினேன்.

பட்டியலில் இரண்டு பெட்டி. வந்தது மூன்று. மூன்றாவதைத் திறந்து பார்த்தோம். நீல நிற உருளை ஒன்று, இரண்டு குழாய், ஒரு சாக்குப் பைக்குள் சீனி போலச் சின்னச் சின்ன மணிகள். சீனியல்ல. உப்புமல்ல. சுங்கத்தில் பெயர் தெரியாத வெள்ளைப் பொருளைக் கண்டால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். ஒரே பொதி என்பதால் மூன்று பெட்டியையும் களஞ்சியத்தில் பூட்டினோம். குலசிங்கம் அப்போது மகளின் கலியாணத்துக்காக விடுமுறையில் இருந்தார். தாளைக் குப்புற வைக்க ஆளில்லை. நான் பழைய படிவத்தை எடுத்து நிரப்பி அனுப்பினேன். நினைவூட்டலும் அனுப்பினேன்.

பதில் வந்தது. அழகான கையெழுத்து. அதை இப்போதும் பாதி சொல்வேன்.

"கனம் பொருந்திய ஐயா அவர்கட்கு, அடியாள் அறிந்தோ அறியாமலோ இழைத்த சகல குற்றங்குறைகளையும் தாங்கள் பெரியமனது கொண்டு பொறுத்தருளுமாறு தாழ்மையுடன் மன்றாடுகின்றேன். கணவனை இழந்து, பெண்பிள்ளைகளுடன் அல்லலுறும் அடியாளின் நிலையைக் கருத்திற் கொண்டு இம்முறை மன்னிப்பீர்களாயின், இனிவருங் காலத்தில் இவ்வாறான தவறு நிகழாதென உறுதி கூறுகின்றேன்."

கீழே பரமேஸ்வரியின் கையொப்பம். மூன்றாம் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பழைய மேசைப் பழக்கம் கைக்கு வந்தது. கோவையின் குறிப்புப் பக்கத்தில் எழுதினேன்: "இறக்குமதியாளர் குற்றத்தை ஏற்றுள்ளார்."

மூன்றே சொல். பத்திரிகையில் இருந்திருந்தால் ஆசிரியர் தேநீர் வாங்கித் தந்திருப்பார். சுங்கத்தில் அந்த மூன்று சொல் வேறு வேலை செய்தது. எழுத்துமூலம் குற்றத்தை ஏற்றவரின் பொருள் விசாரணைக்குப் போகும். பெட்டிகளில் சிவப்பு அட்டை கட்டினோம். கோவையின் பிரதி தலைமைக் காரியாலயத்துக்குப் போனது. அங்கே விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கொழும்பு ஆட்கள் ஐஸ் இயந்திரத்தைப் பார்க்க வரும் நாளுக்கு ஒன்பது நாள் பிந்திய நாள் அது. விசாரணையின் முடிவு பறிமுதலாகவும் இருக்கலாம்.

குலசிங்கம் விடுமுறை முடிந்து வந்து, ஒரு முழுக் காலை கோவைகளை வாசித்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் என்னைக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"இந்த அம்மா குற்றத்தை ஏற்றவ எண்டு எழுதியிருக்கிறீர்."

"ஓம் சேர். கடிதம் இணைச்சிருக்கு."

"எந்தக் குற்றம்?"

நான் கடிதத்தை எடுத்து வாசித்தேன். முடிவுவரை வாசித்தேன். திரும்பவும் மேலே போனேன்.

"சகல குற்றங்குறைகளும் எண்டு கிடக்கு சேர்."

"சகலத்துக்கும் எங்களிட்டப் படிவம் இல்லை. வாரும், போய்க் கேப்பம்."

கொட்டிலுக்குப் போனபோது பெண்கள் நீள மேசையில் இருந்து நண்டுச் சதை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கதை நின்றது. விரல்கள் நிற்கவில்லை. பரமேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டுத் தான் நின்றார். குலசிங்கமும் இருக்கவில்லை. ஆகவே எல்லாரும் நின்றோம். அப்போது உள்ளேயிருந்து சாரம் கட்டிய ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

"இவர்?" என்று குலசிங்கம் கேட்டார்.

"என்ர மனுசன், சேர். தில்லை."

குலசிங்கம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்கள் அனுப்பின கடிதத்தில உங்கட மனுசன் இல்லையெண்டு கிடக்கு."

"எங்க போனாராம்?"

"செத்துப்போனாராம்."

நீள மேசையில் யாரோ சிரித்து, இருமலாக்கினார்கள். தில்லைதான் முதலில் பேசினார். "அதுதானே பாத்தன். ஒரு மாதமா இந்தக் கொட்டிலில நான் சொல்லுறதை ஒருத்தரும் காதில எடுக்கினமில்லை."

"முதலும் எடுக்கிறதில்லை," என்றார் மேசையிலிருந்த ஒரு பெண்.

பரமேஸ்வரி சிரிக்கவில்லை. "கடிதத்தை நான் வாசிக்கேல்லை சேர். அரியத்தார் எழுதினது. நான் கையெழுத்து வைச்சனான்."

"நாங்கள் என்ன கேட்டு எழுதினனாங்கள் எண்டாவது தெரியுமோ?"

"பிழை பிடிச்சு எழுதியிருக்கிறியள் எண்டு அவர் சொன்னார். உடன மன்னிப்புக் கேக்காட்டி மெஷின் போயிடும் எண்டார்."

"மூண்டாம் பெட்டிக்குள்ள என்ன கிடக்கு எண்டுதான் கேட்டனாங்கள்."

"மூண்டாம் பெட்டியோ? நான் ரெண்டு பெட்டியெல்லோ சொன்னனான்." அவர் முகம் மாறியது. "அதுக்கு என்னிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே. நான் ஒவ்வொரு நாளும் உங்கட கந்தோர் வாசலாலதான் பஸ்ஸில போறனான்."

"ஒருநாள் இறங்கி வந்து கேட்டிருக்கலாமே அக்கா."

"உங்களிட்டக் கேக்கலாமோ?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். குலசிங்கம் தூத்துக்குடிக்காரரின் இலக்கம் இருக்கிறதா என்று கேட்டார். பரமேஸ்வரி கைத்தொலைபேசியில் அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அது வடிகட்டிம்மா," என்றது தூத்துக்குடி. "உங்க ஊர்த் தண்ணி உப்புன்னு சொன்னீங்கல்ல. உப்புத் தண்ணி உள்ள போச்சுன்னா மெஷின் ஒரே வருசத்துல போயிரும். அதான் நாங்களே ஒண்ணு சேர்த்து வச்சோம். சும்மா குடுத்ததுனால பில்லுல போடல. அந்த வெள்ளை மணி இருக்குல்ல, அதுதான் உப்பைப் பிடிக்கும். பத்திரமா வந்துச்சாம்மா?"

பரமேஸ்வரி எங்களைப் பார்த்தார். "பத்திரமாத்தான் இருக்காம்," என்றார்.

அழைப்பு இரண்டு நிமிடம் போயிருக்கும். என் கடிதங்களும் அவருடைய பதிலும் எடுத்தது ஐந்து கிழமை. கொழும்பு ஆட்கள் வர இன்னும் பதினொரு நாள் இருந்தது.

திரும்பும் வழியில் அரியத்தாரிடம் போனோம். அரியரத்தினம் என்பது முழுப்பெயர். தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்று, சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றின் மூலையில் மேசை போட்டிருந்தார். தீவுப்பகுதியில் அரசாங்கத்துக்குப் போகிற கடிதங்களில் பெரும்பகுதி அந்த மேசையில்தான் பிறக்கும். எங்களைக் கண்டு எழும்பவில்லை. பேனாவை மட்டும் மூடினார்.

"தில்லையை ஏன் ஐயா சாக்காட்டினனீங்கள்?" என்றார் குலசிங்கம்.

"அது பெண்பிள்ளையளின்ர கடிதத்துக்கு வழமையா வாற வசனம். சிலருக்குப் பொருந்தும். சிலருக்குப் பொருந்தாது."

"மன்னிப்பு?"

"அது எல்லாருக்கும் பொருந்தும். அது இல்லாமல் நான் கடிதம் துவங்கிறேல்லை. இத்தினை வருசத்தில என்ர கடிதத்தை வாசிச்சு ஒரு உத்தியோகத்தரும் கோவிச்சதில்லை."

"பதில் போட்டவையோ?"

"அது வேற விசயம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நீரும் சண்டைக்காலத்தில யாழ்ப்பாணத்தில ஆமிச் சென்றிகளைத் தாண்டித் திரிஞ்ச ஆள்தானே. சீருடைக்கு முன்னால போய் நிண்டா முதல் வசனம் என்ன? அதைச் சொல்லாமல் ரெண்டாம் வசனத்துக்கு ஆர் விட்டவை? நான் முதல் வசனத்தை எழுதிக் குடுக்கிறன். ரெண்டாவது உங்கட கையில."

குலசிங்கம் தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு வெளியே வந்து வாகனத்தில் ஏறினார்.

காரியாலயத்தில் அலுமாரியைத் திறந்து, பழைய பதில்களை எல்லாம் மேசையில் போடச் சொன்னார். அன்று பின்னேரம் முழுவதும் அதே அழகான கையெழுத்தை வாசித்தோம். படகு இயந்திரம் விற்கிற ஒருவரிடம் மாறிப்போன தொலைபேசி இலக்கத்தைக் கேட்டிருந்தோம். அறிந்தோ அறியாமலோ செய்த குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். வருடப் பிறப்புத் தேநீர் விருந்துக்கு அழைப்பு அனுப்பியிருந்தோம். அதற்கும் மூன்று பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். இவை எல்லாவற்றையும் நான் முன்பே வாசித்திருந்தேன். ஆனால் அவற்றுக்குத் தலைப்புப் போடவில்லை. பரமேஸ்வரிக்கு மட்டும்தான் போட்டேன். வெள்ளை மணிகளைப் பார்த்த பிறகு எனக்குத் தேவையான சொற்களைக் கடிதத்தில் கண்டுவிட்டேன்.

பிழை எதுவென்று தெரிந்துவிட்டது. ஆனால் கோவையில் எழுதிய குறிப்பை அழிக்க முடியாது. கிழிக்க முடியாது. எழுதியவரே அதற்குக் கீழே திருத்தி எழுதி, தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் ஒரு பிரதி எழுதியவரின் தனிப்பட்ட கோவைக்கும் போகும். எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. குலசிங்கத்துக்கு அது தெரியும். ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய் இருந்து எழுதினேன்.

"மேற்படி குறிப்பானது தவறான விளங்கிக்கொள்ளலின் அடிப்படையில் இடப்பட்டிருக்கலாமெனக் கருதப்படுகிறது."

அவர் யன்னலடியில் நின்று வாசித்தார். தாளைக் குப்புற வைத்தார்.

"குறிப்பை ஆர் இட்டது?"

"நான், சேர்."

"ஆர் கருதுறது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டு இடத்திலயும் உம்மைக் காணேல்லையே. தில்லையாவது தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவர்."

திரும்பப் போய் எழுதினேன். மூன்றாவது தரம் எழுதியதுதான் போனது. "மேலே உள்ள குறிப்பை எழுதியவன் நான். அது பிழை. எந்தக் குற்றம் என்று கடிதத்தில் இல்லை, நான் கேட்கவுமில்லை. கடிதத்தை எழுதியவர் இறக்குமதியாளர் அல்ல. கணவர் இறந்துவிட்டதாக அதில் உள்ளது. அவரை நேரில் கண்டு பேசினோம். மூன்றாம் பெட்டியில் உள்ளது உப்புநீர் வடிகட்டி. விற்றவர் இலவசமாகச் சேர்த்ததால் பட்டியலில் இல்லை. அவரை அழைத்துக் கேட்ட அன்றே இது தெரிந்தது." கூடவே அரியத்தாரின் கையெழுத்தில் இருந்த பதினொரு மன்னிப்புகளின் பிரதிகளையும் இணைத்தோம்.

குலசிங்கம் கையொப்பம் வைத்தார். "இதை உம்மட மச்சானுக்குச் சொல்லலாம்," என்றார்.

சொல்லவில்லை. மச்சான் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அந்தக் குறிப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று நேர்முகம் நடத்தியவர்களிடம் நான் கேட்கவில்லை. கேட்கலாமோ என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு காத்திருந்தோம். குலசிங்கம் தினமும் காலையில் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். முதல் நாள் கோவை மேலே போயிருக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் அதற்கும் மேலே போயிருக்கிறது என்றார்கள். அதற்கும் மேலே அந்தக் கட்டிடத்தில் மாடி இல்லை என்று குலசிங்கம் எங்களிடம் சொன்னார், அவர்களிடம் சொல்லவில்லை. பரமேஸ்வரி ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். உள்ளே வந்து, "இண்டைக்கு?" என்று மட்டும் கேட்பார். "இன்னும் இல்லை அக்கா," என்போம். அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். கொழும்பு ஆட்கள் வர மூன்று நாள் இருக்கும்போது விடுவிக்கச் சொல்லிப் பதில் வந்தது. அதை எழுதியவர் விசாரணை தேவையில்லை என்பதோடு நிறுத்தாமல், தில்லை நலமா என்றும் கேட்டிருந்தார்.

அன்று மத்தியானமே பரமேஸ்வரியும் தில்லையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்தார்கள். வடிகட்டிக்குரிய சின்னத் தீர்வையைக் கட்டினார்கள். சிவப்பு அட்டைகளை நான் அவிழ்த்தேன். மூன்று பெட்டியையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். இயந்திரத்தைப் பூட்ட மெக்கானிக் கொட்டிலில் காத்திருப்பதாகத் தில்லை அவசரப்படுத்தினார்.

கடைசியாக ஒப்படைப்புப் படிவம். பொருளைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வைக்க வேண்டும். கையொப்பத்துக்கு மேலே, பொருளின் நிலை பற்றி ஏதும் சொல்ல இருந்தால் எழுதுவதற்கு நாலு வரி இடம் விட்டிருக்கும். நான் அறிய அதுவரை அந்த நாலு வரியும் வெள்ளையாகவே இருந்தது. கையொப்பம் வைக்கிற இடத்தை நான் விரலால் காட்டினேன்.

பரமேஸ்வரி பேனாவை வாங்கினார். கையொப்பம் வைக்கவில்லை. படிவத்தை எடுத்து முழுவதையும் வாசித்தார். வாயசைத்து, மெதுவாக வாசித்தார். பிறகு முற்றத்துக்கு இறங்கிப்போய், பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார்.

"எணேய், நேரம் போகுது," என்றார் தில்லை.

"செத்த ஆள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

மேசைக்குத் திரும்பி வந்து எழுதினார். அரியத்தாரின் கையெழுத்துப் போல அழகில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தன. எழுதி முடித்துக் கையொப்பமும் வைத்து, படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"மூன்றாம் பெட்டியில் குழாய் ஒன்று நெளிந்து இருக்கிறது. வரும்போது நெளிந்ததா, நீங்கள் திறக்கும்போது நெளிந்ததா?"

கனம் இல்லை. அடியாள் இல்லை. நான் அதை வாசித்துவிட்டுக் குலசிங்கத்திடம் நீட்டினேன். அவர் எழும்பி யன்னலடிக்குப் போய் வாசித்தார். தாளைக் குப்புற வைக்கவில்லை. அப்படியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"உம்மிட்டத்தான் கேட்டிருக்கிறா. பதில் எழுதும்."

பெட்டியைத் திறந்தவன் நான். ஆணி பிடுங்கும் கம்பி என் கையிலிருந்து வழுக்கியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பேனாவை எடுத்து, முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். பரமேஸ்வரி மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் சேர்," என்றார். "குழாயை நிமித்தித் தாங்கோ, அதுவே காணும்."